மாதிரிப் பத்திரத்தில் என் பெயர்

கொழுந்தன் வீடு வாங்குகிறான் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த சட்டையை மூன்று தடவை மடித்து மூன்று தடவை பிரித்தேன். "நல்ல விஷயம்தானே" என்று வாய் சொன்னது. வயிறு சொன்னது வேறு.

"அவன் பேர்ல இல்ல. அவன் பொண்டாட்டி பேர்லயே வாங்குறானாம்," என்றார் அடுத்ததாக. எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்றுகூடத் தெரியாத மனுஷன்.

கொழுந்தனின் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, எனக்கு ஆறு வயது இளையவள். எனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். பள்ளிச் சீருடை தைக்கிறாள். ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று கேட்பாள். அவளுக்கு வீடு. பதினேழு வருடமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் பத்திரம் அடிக்கிற எனக்கு, ஒன்பதாவது வாடகை வீடு.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பதிவு அலுவலகத்துக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு பத்திர எழுத்தர் இருக்கிறார். பத்திரத்தில் 'மேற்படி வீடு, மேற்படி நபர்' என்று எழுதி எழுதி, பேச்சிலும் அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது. "மேற்படி டீ ஆறிப்போச்சே" என்பார். அதனால் அந்தத் தெருவில் அவர் பெயரே மேற்படியார். அவர் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அடிப்பது நான். அடித்து முடித்ததும் கடைசி வரியில் ஆரம்பித்து ஒவ்வொரு வரியாக மேல்நோக்கிச் சரிபார்ப்பேன். மேலிருந்து படித்தால் அர்த்தம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடும், தப்பு கண்ணில் படாது. கீழிருந்து படித்தால் ஒரு புள்ளிகூடத் தப்பாது. பதினேழு வருடத்தில் என் கையால் போன பத்திரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் நான்தான் பதில். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் போடலாமா? முன்பணம் வாங்கியவர் மனசு மாறினால் என்ன செய்வது? குடியிருக்கிறவர் காலி பண்ணவில்லையென்றால்? சுவரில் மாட்டிய ஃபேனும் விளக்கும் வீட்டோடு சேர்ந்ததா, கழற்றிக்கொண்டு போகலாமா? எல்லாவற்றுக்கும் மடமடவென்று சொல்வேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொன்ன வீட்டுச் சொந்தக்காரருக்குப் பயந்து, காலண்டரை ஜன்னல் கம்பியில் நூல் போட்டுக் கட்டியிருப்பேன்.

இனி ஒரு ரகசியம். மேற்படியார் என்னை ஒரு மாதிரிப் பத்திரம் செய்து வைக்கச் சொன்னார். விற்பவர், வாங்குபவர் இடங்களைக் காலியாக விட்டு, வேலை வரும்போது நிரப்பிக்கொள்ள வேண்டியது. நான் காலியாக விடவில்லை. வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். முழுப் பெயர், அப்பா பெயர், புருஷன் பெயர், எல்லாம். பன்னிரண்டு வருடமாக யார் வீடு வாங்க வந்தாலும், நான் அந்தக் கோப்பைத் திறந்ததும் அது முதலில் என் வீடுதான். மாடி வீடு, தோட்ட வீடு, மூலை வீடு, எது வந்தாலும் ஒரு நிமிஷம் என்னுடையது. அப்புறம் என் பெயரை அழித்துவிட்டு உரியவர் பெயரைப் போடுவேன். யாருக்கு என்ன நஷ்டம்?

வாங்கவே முயலவில்லையா என்று கேட்காதீர்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒரு வீடு பார்த்தோம். இரண்டு அறை, சின்ன முற்றம், தெற்குப் பார்த்த சமையலறை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதில். காற்று எட்டிப்பார்க்காது, வெளிச்சம் மட்டும் மதிலில் பட்டு உள்ளே விழும். அடுப்பு வைக்க அதைவிட வாகான இடம் கிடையாது. மூன்று தடவை போய் அந்த ஜன்னலடியிலேயே நின்றேன். இங்கே அடுப்பு, இங்கே டப்பாக்கள், இந்தச் சுவரில் ஆணி, அந்த ஆணியில் காலண்டர்.

அப்புறம் பழைய பத்திரங்களை வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். வீடு அப்பா விட்டுப்போனது. பெண்கள் இரண்டு பேர். விற்கிறவர் மூத்தவர், ஓய்வுபெற்ற நர்ஸ். வெளிநாட்டில் இருந்த தங்கை தன் பங்கை எழுதிக் கொடுக்கவே இல்லை. "வில்லங்கம் இருக்கு, வேண்டாம்" என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பார்த்தவை பதினான்கு வீடுகள். ஒன்றில் பாதை அகலம் இடித்தது, ஒன்றில் அளவு இடித்தது, ஒன்றில் சாட்சிக் கையெழுத்து கோணலாக இருந்தது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பொறுமைசாலி. பதினான்காவது வீட்டையும் நான் தட்டிக்கழித்த அன்று மட்டும் கேட்டார்: "எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கிறியே, என்னைக் கட்டிக்கும்போது மட்டும் எப்படிக் கண்ணை மூடிட்டு இருந்தே?"

"அப்ப எனக்கு இந்த வேலை தெரியாது," என்றேன். சிரித்தார். அதோடு வீடு பார்ப்பது நின்றது.

அடுத்த வாரம் ஓரகத்தி ஒரு துணிப்பை நிறையக் காகிதத்தோடு அலுவலகத்துக்கு வந்தாள். முகமெல்லாம் பல்.

"அக்கா, நீங்கதான் எழுதணும். வேற யார்கிட்டயும் போக மாட்டேன்னு இவர்கிட்ட சொல்லிட்டேன்."

"குடு பாப்போம்," என்றேன்.

"என் பேர்ல மட்டும் போட்டா நாளைக்கு ஏதாவது சிக்கல் வருமாக்கா? இவர்தான் பிடிவாதமா சொல்றாரு. ராத்திரி பகலா மிஷின் மிதிச்சவ நீ, உன் பேர்லயே இருக்கட்டும்னு."

"ஒரு சிக்கலும் வராது," என்றேன். "உன் பேர்ல இருந்தா உன்னைக் கேக்காம யாரும் விக்க முடியாது. போதுமா?"

"போதும்க்கா. அப்புறம், அந்த அம்மா சமையலறை அலமாரியை விட்டுட்டுப் போறேன்னாங்க. வாயால சொன்னா போதுமா, எழுதணுமா?"

"எழுதணும். வாய்க்கு எந்த ஆபீஸ்லயும் முத்திரை குத்த மாட்டாங்க."

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பழைய பத்திரத்தைப் பிரித்தேன். நான்கு எல்லைகளைப் படித்ததுமே கை நின்றுவிட்டது. தெற்கே மதில், கிழக்கே பொதுப் பாதை. எனக்கு மனப்பாடம். அதே வீடு. என் வீடு. நான் வேண்டாமென்று விட்டுவந்த என் வீடு!

"இதுல தங்கச்சி பங்கு ஒண்ணு இருக்குமே," என்றேன். வில்லங்கம் அப்படியே இருக்கட்டும், இவளும் வாங்க முடியாமல் போகட்டும் என்று அந்த நிமிஷம் மனசார வேண்டிக்கொண்டேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

"ஆமாக்கா, அந்த அம்மாவே சொன்னாங்க. நான் கேட்டேன், ஏங்க, ஒரு போன் போட்டு அவங்களை வந்து கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாதான்னு. போட்டாங்க. லீவுக்கு வந்தவங்க ஒரே நாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. இதோ பாருங்க, அதுவும் பையில இருக்கு."

ஒரு போன்! ஏழு வருடமாக நான் வில்லங்கம் வில்லங்கம் என்று சுமந்துகொண்டு திரிந்தது ஒரு போனில் தீர்கிற விஷயம். சட்டம் தெரிந்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மேலும் கீழும் தெரியாத இவள் கேட்டுவிட்டாள். எனக்கு அவளை நாலு அறை அறைய வேண்டும்போல் இருந்தது. அறைவதற்கு அவள் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதுதான் இன்னும் ஆத்திரம்.

அன்று மத்தியானமே பத்திரம் அடித்தேன். மாதிரியைத் திறந்தேன். என் பெயர், கீழே அந்த வீட்டின் நான்கு எல்லைகள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, நிஜமாகவே நான் ஆசைப்பட்ட வீட்டோடு என் பெயர் ஒட்டி நின்றது. டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு இடமாக அழித்து அவள் பெயரைப் போட்டேன்.

மேற்படியாரிடம் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் சண்டை வரக் கூடாது என்று, சாவி யார் கைக்குப் போகிறது, எத்தனை சாவி, யார் குடியிருக்கப் போகிறார் என்பதைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதிவிடுவார். 'மேற்படி வீட்டின் மூன்று சாவிகளையும் பெற்றுக்கொண்டு, இன்று முதல் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியவர்' என்று வாக்கியம் போகும். வழக்கம்போலக் கீழிருந்து படித்தேன். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்தேன். எழுத்து எழுத்தாகப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

பதிவு முடிந்தது. நர்ஸம்மா கையெழுத்துப் போட்டார். ஓரகத்தி பக்கத்துக்குப் பக்கம், எதையும் படிக்காமல், "அக்கா எழுதினா அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

பதிவான பத்திரம் கைக்கு வர எட்டு நாள் ஆனது. ஒரு புதன்கிழமை அது வந்தது. அன்று மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். தண்ணீர் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற ஓரகத்தி போயிருக்கிறாள். அங்கிருந்த குமாஸ்தா கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "குடியிருக்க வேண்டியவங்க வேற ஆளா இருக்காங்களே, அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

பத்திரத்தை மேசைமேல் வைத்தாள். மூன்று சாவிகளையும் பெற்றுக்கொண்டு, இன்று முதல் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியவர்: என் பெயர். என் அப்பா பெயர். என் புருஷன் பெயர்.

"அண்ணி, நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணோம்?" கொழுந்தன் கத்திய கத்தலில் கீழே ஜெராக்ஸ் மிஷின் நின்றுவிட்டது. "வயித்தெரிச்சல் இருந்தா வாயால ரெண்டு திட்டு திட்டிட்டுப் போங்களேன்! பத்திரத்துலயா கை வெப்பீங்க? வெள்ளிக்கிழமை அந்த அம்மா தங்கச்சிகிட்டயே போயிடறாங்க. திரும்பி வரப் போறதில்ல. அவங்க கையெழுத்து இல்லாம இதை யார் திருத்தறது?"

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் ஓரகத்தி. அவள் கண் என்னை விட்டு நகரவில்லை.

"மேற்படி தப்பு கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்," என்று மேற்படியார் எனக்காகப் பரிந்துகொண்டு வந்து, தன் கையாலேயே மாதிரிப் பத்திரத்தைத் திறந்தார். திறந்தவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார். வாங்குபவர், என் பெயர். மேற்படி வாங்குபவர் முழுச் சம்மதத்துடன், என் பெயர். ஐந்தாவது பக்கத்தில் அவர் குரல் தானாகவே இறங்கி நின்றது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

"எத்தனை நாளாக்கா இப்படி?" என்று ஓரகத்தி மெதுவாகக் கேட்டாள்.

"பன்னெண்டு வருஷமா."

"எல்லார் வீட்டுக்குமா?"

"எல்லார் வீட்டுக்கும். அடிச்சு முடிக்கிற வரைக்கும்தான். அப்புறம் அழிச்சுடுவேன்."

"அப்ப எங்க வீட்டுக்கு மட்டும் இல்ல," என்றாள், கொஞ்சம் ஆறுதலோடு.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். வாய் சும்மா இருக்கவில்லை. "உன் வீட்டுக்கு மட்டும்தான் அழிக்காம விட்டேன். வேணும்னு விடல, அது சத்தியம். ஆனா அந்தப் பக்கத்தை நான் படிச்சேன். என் பேரைப் பாத்தேன். தப்புன்னே தோணல."

கொழுந்தன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஏழு வருடத்துக்கு முன் நாங்கள் பார்த்த வீடு அதுதான் என்பதையும் சொன்னேன். சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, நர்ஸம்மாவைப் பார்க்க நானே கிளம்பினேன். யாரும் என்னை அனுப்பவில்லை. ஆனால் எழுதிய கைதானே போய்க் கேட்க வேண்டும்.

அந்த வீட்டுக் கூடத்தில் பெட்டிகள் கயிறு கட்டி நின்றன. நர்ஸம்மா என்னை உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு திருத்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வாங்கியவள் வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும் என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க முன்னாடி வந்திருக்கீங்கல்ல? சமையலறை ஜன்னல்கிட்டயே நின்னுட்டு இருப்பீங்க."

"ஆமாங்க."

"நீங்கதான் வாங்குவீங்கன்னு நெனச்சேன். அவ்வளவு ஆசையாப் பாத்தீங்க. ஆறு மாசம் வேற யாருக்கும் வீட்டைக் காட்டவே இல்ல. ஏங்க வரல?"

தங்கச்சி கையெழுத்து இல்லாததுதான் காரணம் என்றேன். "இதை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார். சமையலறைப் பக்கம் திரும்பாமல் வாசலுக்கு வந்துவிட்டேன். "காலைல வந்துடறேன், கவலைப்படாதீங்க" என்று அவர் பின்னாலிருந்து சொன்னது கேட்டது.

திருத்தப் பத்திரத்தை அன்று சாயங்காலமே அடித்தேன். விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். என் பெயர் உள்ளே வந்துவிட்டதால் மூன்றாவது நபராக நானும் எழுதிக் கொடுக்க வேண்டும். மேற்படியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார், நான் அடித்தேன். 'மேற்படி வீட்டில் எனக்கு எக்காலத்திலும் எவ்வித உரிமையும், பாத்தியமும், குடியிருப்பும் இருந்ததில்லை, இனிமேலும் இல்லை என்று முழு மனதுடன் உறுதி கூறுகிறேன்.' எத்தனை பேருக்கோ இதே வாக்கியத்தை அடித்திருக்கிறேன். இத்தனை நீளமான வாக்கியம் என்று அன்றுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை அவர்கள் குடிபோக வேண்டிய நாள். பதிவு அலுவலக வாசலில் சாமான் ஏற்றிய வண்டி நின்றது. மேலே தையல் மிஷின், கயிறு போட்டுக் கட்டி. நர்ஸம்மா சொன்னபடி வந்து கையெழுத்துப் போட்டார். ஓரகத்தி பேனாவை வாங்கவில்லை. முதலில் பத்திரத்தை வாங்கினாள். கடைசி வரியில் விரலை வைத்து, உதடு அசைய, கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் முதல் வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அது அவள் உரிமை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

அடுத்தது நான். பதிவாளர் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். அந்த அறையில் எத்தனையோ வருடமாக நின்றிருக்கிறேன். ஒரு நாளும் என் பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. பதிவாகிற பத்திரத்தில் என் பெயர் முறைப்படி வருவது அதுதான் முதல் தடவை. எனக்கு வீடு இல்லை என்று எழுதிக் கொடுப்பதற்காக வருகிறது.

"இதுல எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா?"

"நான்தாங்க அடிச்சேன்."

"முழு மனசோடதான் எழுதிக் குடுக்கறீங்களா?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். எல்லாரும் 'ஆமா' என்று சொல்லிவிட்டுப் போவார்கள், இதற்கெல்லாமா யோசிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு வாய் வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து இரண்டாவது தடவை கேட்டார். ஓரகத்தி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்திருக்கிறாள். அந்தப் பயம் எனக்கு இனித்தது. ஒரு நிமிஷம் முழுசாக இனித்தது.

"ஆமாங்க," என்றேன். "முழு மனசோட." கையெழுத்துப் போட்டேன், கட்டைவிரலையும் வைத்தேன்.

வெளியே வந்து வண்டியருகே நின்றோம். ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலில் மை இன்னும் காயவில்லை. அவள் கையிலும் ஒட்டியது.

"அக்கா, நீங்களும் வண்டில ஏறுங்க. எதை எங்க வெக்கணும்னு எனக்கு ஒண்ணும் புரியல. அந்த வீட்டை என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அடுப்பை எங்க வெக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

கொழுந்தன்கூட, "வாங்க அண்ணி," என்று கதவைத் திறந்துவிட்டான். நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வேணும்னாலும் வை," என்றேன். "ஜன்னலடியில மட்டும் வேண்டாம். அங்க காத்து பலமா அடிக்கும், அடுப்பு அணைஞ்சுடும்."

"நல்ல வேளை சொன்னீங்க," என்றாள்.

வண்டி கிளம்பியது. அந்த ஜன்னலில் காற்றே வராது. நான் மூன்று தடவை நின்று பார்த்திருக்கிறேன்.